மரவில்லை

பாம்பன் கால்வாயில் பாறை உடைக்க வந்த ஈவான்
இங்கிலீஷ்காரன் இல்லையாம்.
மூன்று தடவை சொன்னான்.
மணலில் ஒரு கோடு இழுத்தான்:
இந்தப் பக்கம் வேல்ஸ், மழை, கறுத்த பலகைக்கல்.
அந்தப் பக்கம் துரைமார்.

கள் குடிக்க மாட்டான்.
ஞாயிற்றுக்கிழமை திரி கொளுத்த மாட்டான்.
கல்லைத் தட்டிக் காது வைப்பான்.
எங்கே பிளக்கும் என்றானோ அங்கே பிளக்கும்.
எண்ணும்போது மட்டும் அவன் பாஷை:
ஈன், தை, த்ரீ.
"தை உங்களுக்கு ரெண்டாம் மாசமா?"
மீராக்கண்ணு கேட்டான், அவனுக்குப் புரியவில்லை.

வாடை தொடங்கிய வாரம்
கயிறு கோத்த மரவில்லைகளோடு ஓவர்சியர் வந்தான்.
ஆளுக்கு ஒன்று, கழுத்தில்.
வில்லை காட்டினால்தான் கூலி.

ஈவான் முகம் சுண்ணாம்பாகிப் போனது.
பாதி கையால், பாதி எங்கள் பேச்சால் சொன்னான்:
பள்ளிக்கூடத்தில் வீட்டுப் பாஷை பேசினவன் கழுத்தில்
இதுபோல் ஒன்று ஏறும்.
இன்னொருவனைக் காட்டிக்கொடுத்தால்
அவன் கழுத்துக்கு மாறும்.
சாயங்கால மணிக்கு யாரிடம் இருக்கிறதோ
அவனுக்குப் பிரம்பு.
நான் காட்டிக்கொடுத்தது
என்று நிறுத்தி,
இடுப்பளவு உயரம் காட்டி,
எங்களிடம் சொல் கேட்டான்.
தம்பி, என்றோம்.
தம்பியை, என்றான்.

கொத்தோடு அள்ளிக் கடலில் வீசினான்.

மரம் மூழ்குமா?
நீரோட்டம் திரும்பியதும்
தோணித்துறை ஓரம் எல்லாம் ஒதுங்கின.
மீராக்கண்ணு வீட்டில் ஐந்து வாய்.
ஈரத்தோடு மாட்டிக்கொண்டான்.
நானும் ஒன்றைப் பொறுக்கினேன்.
ஈவானுக்கு முதுகு காட்டி நின்று
கட்டிக்கொண்டேன்.