அறுபத்தைந்து

ஒத்தக்கடையில் கத்திரி.
ராத்திரி பத்தாகியும்
யானைமலை அனல் கக்குகிறது.

தெர்மாகோல் பெட்டிக்குள்
ஈரம் நாற்பத்தொன்று.
டிபன் பாக்ஸ் மூடியில் வெந்நீர்,
நனைத்துச் சுருட்டிய பனியன் துணி,
ஐம்பத்தெட்டு.
அதற்குமேல் மீட்டர் நகரவில்லை.

ஏழாம் நம்பர் முட்டையில்
மதியமே ஒரு விரிசல்.
"லேசா உடைச்சு விடவா?" என்கிறான் ஜெய்லானி.
தொடாதே.

போன தடவை நான் தொட்டேன்.
மூடியைத் தூக்கிய நேரத்தில்
வறட்டுக் காற்று புகுந்து
சவ்வு இறுகி
குஞ்சைப் பொட்டலம் கட்டிவிட்டது.
அலகு மட்டும் வெளியே.

இரண்டு கையையும்
தொடைக்கடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறேன்.
ஜெய்லானி குறட்டை.

மூன்றரை மணிக்கு
கீச்.
மீட்டர் ஏறுகிறது.
அறுபத்தொன்று, அறுபத்து நான்கு,
நான் ஒரு சொட்டும் ஊற்றவில்லை.

தொப்பலாக நனைந்து
தள்ளாடுகிறது ஏழு.
அது உலர உலர
மற்ற பதினொன்றுக்கும்
ஈரம்.