நட்சத்திரக் குறி

ஜூன் அட்டவணையில் பதினொரு இதழ்கள்,
ஆறு புதன்கிழமைகள்.
எல்லா நாயகர்களும் ஒரே வானத்துக்கு
வந்து சேர்ந்தாக வேண்டும்.
ஸ்லோவிக் பலகையில் சிவப்பு ஊசி குத்தியிருக்கிறாள்:
நான்காம் வாரம், பக்கம் இருபத்திரண்டு,
சூளைமுகன் சாகிறான்.

ஊர் கூடி இழுக்கும் தேர் இது.
ஒருவன் கை நழுவினால்
வடம் அவனுக்காக நிற்காது.

நான் குமிழிகளுக்குள் எழுத்து நிரப்புபவன்.
ஹோபோக்கனில், சலவைக்கடைக்கு மேல்மாடி.
பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி.
‘டமார்’ எத்தனை பெரிதானாலும்
கூடுதல் காசு கிடையாது.

நேற்று இரண்டு கட்டுகள் வந்தன.
பெரியதில் சூளைமுகன் செத்துக் கிடக்கிறான்.
தோளில் சுமந்து போகிறார்கள்;
பறக்கத் தெரிந்தவர்களும் நடந்தே போகிறார்கள்.

சின்னது அவனுடைய சொந்த இதழ்,
மூன்று வாரம் பிந்தி வந்தது.
முகமே சூளையான ஒருவன்
அடுப்பைப் பற்றவைத்து
முட்டை பொரிக்கிறான்.

கதைப்படி அது ஒரே பக்கம்.
இரண்டாவதில் வானம் கிழியும்,
மூன்றாவதில் அவன் கிளம்பிவிட வேண்டும்.
எஃப்ரைன் ஒன்பது பக்கம் வரைந்திருக்கிறான்.
வெண்ணெய் உருகுவதற்கே ஒரு பக்கம்.
உப்புக் குப்பியின் தளர்ந்த மூடி.
மனைவி, குளியலங்கி,
ஒற்றைக் காலில் மட்டும் செருப்பு.
இன்னொரு தட்டு.
ஜன்னலில் கிழிசல் ஏதுமில்லாத வானம்.

தாள்களைத் திருப்பினேன்.
காபிக் கோப்பையின் வட்டங்கள்;
செயின்ட் ஆக்னஸ் மருத்துவமனை
வண்டி நிறுத்தச் சீட்டுகள்,
ஒவ்வொன்றிலும் வேறு தேதி.

“செத்தவன் எப்படிடா முட்டை தின்பான்?”
தொலைபேசியில் ஸ்லோவிக் கத்தினாள்.
“வெட்டு, எட்டுப் பக்கத்தையும் வெட்டு.”
சீட்டுகளைப் பற்றிச் சொன்னேன்.
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும் கேட்டது.
“அச்சகம் வெள்ளி மதியம் மூடுகிறது” என்றாள்.
அவள் மொழியில் அதற்குச் சரி என்று பொருள்.

முதல் கட்டத்தின் மூலையில்
சின்னதாய் ஒரு மஞ்சள் பெட்டி போட்டேன்,
உள்ளே ஒரு நட்சத்திரக் குறி:
‘இது அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை.’
பேனாவைக் கழுவி வைத்தேன்.
கீழே இயந்திரம் யாருடைய சட்டையையோ
சுற்றிக்கொண்டே இருந்தது.

ஆகஸ்டில் டொலிடோவிலிருந்து ஒரு சிறுவன்
கோடு போட்ட தாளில் எழுதிக் கேட்டிருந்தான்:
எந்தச் செவ்வாய்?

ஸ்லோவிக் அதைப் பலகையில் குத்த இடம் தேடினாள்.
அந்தப் பலகையில்
புதன்கிழமைகள் மட்டும்தான் உண்டு.