தெற்குவாடி வீடு, கடலிலிருந்து

அம்மாவின் கடல் எப்போதும் பச்சை.
அப்பாவின் வள்ளத்துக்கு அடித்து
மிஞ்சிய பெயின்ட் பச்சை.
ஒரு டப்பா நீலத்தின் விலையில்
பிரகாசிக்கு ஜாமெட்ரி பாக்ஸ் வந்துவிடும்.
வந்தது.

காலை ஆறரைக்கு
மண்டபம் நண்டுக் கம்பெனி வேன்.
வெந்த நண்டை உடைத்துக்
கால் சதை தனி, உடல் சதை தனி,
கிலோவுக்கு இவ்வளவு என்று பிரித்துவிட்டு
விரல் நுனி வெளுத்துத் திரும்புவாள்.
முதலில் சோறு. பிறகு எங்கள் தலை.
பேனுக்குத் தடவும் மண்ணெண்ணெய்ப் புட்டிதான்
பெயின்ட் இளக்கவும்.
எங்காவது ஒரு படத்தின் முன் நின்றால்
இன்றும் எனக்கு
உச்சந்தலை எரியும்.

தூரிகை என் முடி.
ஆறாம் வகுப்பில் அம்மை இறங்கியபின்
கத்தரித்ததை எறியாமல்
வலை நூலால் குச்சியில் இறுக்கினாள்.
'முரட்டு முடிடி, அலைக்குத்தான் ஆவும்.'
மேகத்துக்குப் பிரகாசியின் முடி.
இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை.

முதல் படம் தெர்மாகோல் மீன்பெட்டி மூடியில்.
பெயின்ட் பட்டதும் அரித்துக்கொண்டு போய்
கடல் இருந்த இடமெல்லாம் குழி.
'கடல் அப்பிடித்தான்' என்று
அதையும் மாட்டி வைத்தாள்.
பிறகு பிளைவுட்டுக்கு மாறினாள்.

பாலத்தை வரை சலேத்து,
டூரிஸ்டுக்கு வித்துப்புடலாம் என்றார் ஐஸ் கம்பெனி ரோமால்டு.
கட்டினவனுக்கே தெரியும் அது எப்படி இருக்குமென்று,
நான் எதற்கு என்றாள்.
ஒரு படமும் விற்றதில்லை.
யாரும் கேட்டதுமில்லை, உண்மையில்.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில்
ரத்தம் சுத்தம் செய்யும் நாட்களில்
எக்ஸ்ரே உறையின் பின்பக்கம்
பேனாவால் கிறுக்கிக்கொண்டிருந்தாள்.
ஊசி இல்லாத கையால்.
அது இடது கை.
கூரை சாய்ந்திருந்தது.

மாதப் பூசைக்கு முந்தின நாள்
கட்டிலுக்கடியிலிருந்து இழுத்தோம்.
பதினோரு பலகைகள்.
பதினொன்றிலும் எங்கள் வீடு,
கடலிலிருந்து பார்த்தபடி.
தகரக் கூரை, வெள்ளைச் சுவர்,
அடுப்படி ஜன்னலில் மஞ்சளாக ஒரு பொட்டு.

அம்மா கடலுக்குப் போனவளில்லை.
ஒரே தடவை ஏறி
குடல் வெளியே வர வாந்தியெடுத்து
முழங்கால் தண்ணீரில் குதித்து நடந்து வந்தவள்.

அப்பாவிடம் கேட்டோம்.
கிழிந்த வலையிலிருந்து நிமிராமல் சொன்னார்:
'கரைக்கு வந்ததும் கேப்பா,
வீடு தெரிஞ்சுதா, லைட்டு தெரிஞ்சுதான்னு.
தெரிஞ்சுதும்பேன்.
எப்பிடித் தெரிஞ்சுதும்பா.
நான் என்னத்தச் சொல்ல?
மஞ்சளா ஒரு பொட்டுன்னேன்.'

ஃபேனை இரண்டு நிமிடம் அதிகம் விட்டால்
கரண்டு பில்லைக் காட்டித் திட்டுகிறவள்
அப்பா தொழிலுக்குப் போன இரவெல்லாம்
அடுப்படி பல்பை அணைத்ததில்லை.
நாங்கள் அதை மறதி என்று நினைத்திருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.
பிரகாசி மடியில் அவள் மகன்.
கச்சான் காற்று, சிலுசிலுவென்று கலங்கிய நீர்.
தென்னைகள் தெரிந்தன.
கோயில் கோபுரத்துச் சிலுவை தெரிந்தது.
சவுக்குத் தோப்பு, சவுக்குத் தோப்பு,
சவுக்குத் தோப்பு.
அதற்குப் பின்னால் எங்கோ நாங்கள்.
எந்தப் பக்கம் திருப்பினாலும்
வீடு தெரியாது.
இருபத்தெட்டு வருஷமாகத் தெரிந்ததில்லை.

அப்பா என்ஜினை நிறுத்தினார்.
கையை நீட்டி, 'அந்தா' என்றார்.
யாரும் எதுவும் கேட்கவில்லை.
'தெரியுதா?'
'தெரியுதுப்பா' என்றாள் பிரகாசி,
மரங்களைப் பார்த்து.

எனக்கு வயிற்றைப் புரட்டியது.
விளிம்பைப் பிடித்துக் குனிந்தேன்.
தண்ணீர் அந்த இடத்தில்
பச்சையாகத்தான் இருந்தது.