உதட்டின் உட்புறம்

எங்கள் வகுப்புப் பொம்மைக்கு ரோஜா நிறம்.
காரைக்குடியில் ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் கிடக்கிறது.
முப்பத்தொரு பேர் முறைவைத்து
அதன் நெஞ்சை அழுத்தியிருக்கிறோம்.
எங்களில் ஒருவர் நிறமும் அதற்கு இல்லை.

மூச்சு முட்டினால் தோல் நீலமாகும்
என்கிறது புத்தகம்.
செவுகன் முழங்கையைத் திருப்பிக் காட்டினான்:
"இதுல எங்கடா தேடுறது நீலத்தை?"
சிரித்தோம்.
ராபியத் மட்டும் எழுந்து போய்
அவன் கீழுதட்டை மடித்துப் பார்த்தாள்.
"தம்பிக்கு இழுப்பு வந்தா
நாங்க இங்கதான் பாப்போம்."
புத்தக ஓரத்தில் எல்லோரும் எழுதிக்கொண்டோம்.

வலிக்கு எண் கேட்க வேண்டும்,
பத்துக்கு எவ்வளவு என்று.
புதன்கிழமை நோயாளி வேடம் எனக்கு.
"என்னமோ பிசையுது" என்றேன்.
எண்ணைச் சொல்லு.
"தோள்பட்டை கடுக்குது, சுருக்குனு ஒரு குத்து,
அப்புறம் விண்ணு விண்ணுனு..."
எண்ணைச் சொல்லும்மா.
கடைசியில் அவனாகவே ஏழு போட்டான்.
கடுப்பும் குத்தலும்
ஒரே ஏழுக்குள் ஒண்டிக்கொண்டன.

சீட்டில் என்ன வருகிறதோ
அன்று முழுக்க அவராக இருக்க வேண்டும்.
காது கேளாதவர் சீட்டு தேனம்மைக்கு வந்தது.
டீக்குக்கூட வாய் திறக்கவில்லை.
ஒருத்தரும் என் முகத்தைப் பார்த்துப் பேசலை என்று
மறுநாள் சண்டை போட்டாள்.

போன மாதம், பயிற்சிக்காக வண்டியேறிய முதல் வாரம்,
எண்பது கதவு உள்ள வீடு ஒன்றில்
ஸ்ட்ரெச்சரைப் பாதி தூக்கியிருந்தோம்.
"நீங்க என்ன ஆளுக?" என்றார் ஒருவர்.
பைலட்டைக் கேட்கவில்லை. என்னைத்தான்.
கையுறையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.
இதற்குச் சீட்டு இல்லை.

புதுவயல் அரவை மில்லுக்குப் போனது
அதற்கப்புறம்.
மூட்டையில் சாய்ந்திருந்தார்,
வியர்வையெல்லாம் உமி ஒட்டி.
மிஷினை இன்னும் நிறுத்தவில்லை.
அந்த இரைச்சலில் அவர் சொன்னது
எனக்கு இப்படித்தான் கேட்டது:
சாதி. சாதி.

நீயுமா என்று வந்தது.
"அதெல்லாம் கேக்கக் கூடாது" என்றேன்,
அவருக்குத் தெரியாத தமிழில், அவ்வளவு கறாராக.
அவர் என் கையைப் பிடித்து இழுத்துத்
தன் மார்பில் வைத்தார்.

சாத்தி.
அவர் ஊரில் நெஞ்சுக்கு அதுதான் பேர்.

கீழுதட்டை மடித்தேன்.
நாவற்பழம் தின்ற வாய்.
முகமூடியை மாட்டினோம், ஆக்ஸிஜன் திறந்தோம்.
பைலட் பேர் கேட்டார்.
"துர்யோதன்" என்றான் கூட வந்த பையன்.
"யாருப்பா வைப்பாங்க இந்தப் பேரை?"
"அவங்க அப்பா" என்றான் அவன், "எங்க ஊர்ல நிறைய."

பத்துக்கு எவ்வளவு என்று
விரல் விரித்துக் கேட்டேன்.
தன் பத்து விரலையும் விரித்தார்.
போதாமல்
என் கையையும் எடுத்து விரித்தார்.
கட்டத்தில் பத்துக்கு மேல் எழுத இடமில்லை.

பெரியாஸ்பத்திரிக் கதவுக்கு அந்தப் பக்கம்
எங்களுக்கு வேலையில்லை.
வண்டியைக் கழுவினோம்.
உமி போகவே இல்லை.

திங்கட்கிழமை, யாருக்கும் சொல்லாமல்
டப்பாவில் ஒரு சீட்டுப் போட்டேன்.
செவுகன்தான் எடுத்தான்.
சத்தமாகப் படித்தான்.
"இது என்ன, சாதியா?"

ஒரு நொடி
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
கீழே தம் பிரித்த வாசனை
படியேறி வந்தது.
பொம்மை மட்டும் மல்லாக்க,
கண்ணைத் திறந்தபடி.