ஏல எண் 61

கன்செப்சியோன் ஊரில் ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை.
லபாச்சோ மரங்கள் பூக்கொட்டி
தெருவே இளஞ்சிவப்பாய் நாணிக் கிடந்தது.
நாணுவதற்கு ஊரில் வேறு யாரும் முன்வரவில்லை.

கர்னலின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டோம்.
பட்டியல் எழுதியவன் நான்:
எண், உலோகம், நீளம், அகலம்,
கீறல் இருந்தால் கீறல்.
யாரால் கீறல் என்று எழுத
படிவத்தில் இடமில்லை.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன்,
இறந்தாலும் ஆயிரம் பொன்.
சவரக் கிண்ணத்தைப் பல் மருத்துவர் எடுத்தார்.
சாய்வு நாற்காலியை எடுத்தவருக்கு
ஓர் அண்ணன் இருந்தார், கர்னலின் காலம் வரைக்கும்.
எதற்கு என்றேன். விறகுக்கு என்றார்.
அந்த விலைக்கு ஒரு காடே வாங்கலாம்.
மறுவாரம் அவர் கூடத்தில் பார்த்தேன்,
நாற்காலி எரியவில்லை,
மேலே ஒரு பூனை தூங்கியது.

பிறகு அறுபத்தொன்று.
வெள்ளிக் கைமணி, எட்டு சென்டிமீட்டர்,
பிடியில் மாதுளை மொட்டு.
சாப்பாட்டு மேசையில் அவர் வலக்கைப் பக்கம் இருந்தது.
சூப்புக்கு ஒருமுறை, உப்புக்கு இருமுறை.
மூன்று முறை அடித்தால்
விருந்தாளிகளில் ஒருவர் வீடு திரும்பமாட்டார் என்பார்கள்.
நான் நம்பவில்லை.
அதற்கெல்லாம் மணி எதற்கு, புருவம் போதும்.

ஏலம் கூறுபவர் ஃபுல்ஹென்சியோ, வேடிக்கை மனிதர்,
மணியை உயர்த்தி ஆட்டினார்.

நான்காம் வரிசையில் ஒரு பெண் எழுந்து நின்றாள்.

பேர் நிமியா ஓவேலார் என்று பிறகு தெரிந்தது.
பதினோரு வருடம் அந்தச் சமையலறையில் இருந்தவள்.
மடியிலிருந்து கைப்பை விழுந்தது.
இடுப்பில் இல்லாத ஏப்ரனில்
கைகள் ஈரம் துடைத்துக்கொண்டன.
எழ வேண்டுமென்று அவள் நினைத்திருக்கமாட்டாள்.
முழங்கால் யாரையும் கேட்பதில்லை.

கூடம் சிரித்தது.
கெட்ட சிரிப்பு இல்லை, அதுதான் கெட்டது.
சிரித்தவர்களில் இரண்டு பேர்
கர்னலின் சிறையில் இருந்தவர்கள்.
ஃபுல்ஹென்சியோ இன்னொரு முறை ஆட்டினார்,
உட்காருகிறாளா நடக்கிறாளா என்று பார்க்க.

அவள் ஓரடி வைத்துவிட்டாள்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.
எங்கள் யானை செத்து இருபத்தாறு வருடம்.
பாடப்புத்தகத்தில் தேதி இருக்கிறது,
அன்று பள்ளிக்கு விடுமுறை,
நகரசபைத் தலைவர் கொடியேற்றிப் பேசுவார்,
நடுவில் தண்ணீர் வேண்டுமென்றால்
திரும்பிப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டுவார்.
தண்ணீர் வரும்.
இதைத்தான் விடுதலை என்று எழுதி வைத்திருக்கிறோம்.

செத்தவனைத் திட்டுவது சுலபம், பிணத்துக்குக் காது கேட்காது.
கொடுங்கோலன் ஊருக்கு ஒருவன்தான்.
மணியை ஒரே ஒருமுறை ஆட்டிப் பார்க்க
கை ஊறுகிறவர்கள்
அன்று அந்தக் கூடத்தில் அறுபது பேர்.

குடிகள் அடித்து அரசனை எழுப்பும் மணிகள்
கதைகளில் உண்டு.
ஏலத்துக்கு அப்படி ஒன்று
என் முப்பது வருடத்தில் வந்ததில்லை.

நிமியா பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள்.
வாசலில் யாரோ நீட்டிய தெரெரேயை வாங்கவில்லை.
மூன்று லட்சம் குவாரனியில் ஊர்ந்த விலை
இருபது லட்சத்தைத் தாண்டியது.
பின்னே?
மணி வேலை செய்கிறது என்று
எல்லோரும் கண்ணால் பார்த்தாயிற்று.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன்.
முந்தின இரவு, கிடங்கில் நான் மட்டும்.
பதிவுக்காக ஒருமுறை ஆட்டினேன்:
ஒலி தெளிவு, விரிசல் இல்லை.
இரண்டாம் முறை எதற்காகவும் இல்லை.

யாரும் வரவில்லை.
விளக்கை அணைக்கும்போது
அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது.