மூன்றாவது ஏணி

படகை வாங்கியபோது
பெயரும் சேர்ந்தே வந்தது: ஒடெட்.
முன்பு வைத்திருந்தவரின் மனைவியாக இருக்கலாம்,
நாயாகவும் இருக்கலாம்.
அழித்தால் கடல் கோபித்துக்கொள்ளும் என்றான் துக்துவால்.
எதையுமே நம்பாதவன்
இதை மட்டும் நம்பினான்.
ஒன்பது வருடமாகத் தபால்காரி என்னை
மதாம் ஒடெட் என்றுதான் கூப்பிடுகிறாள்.
நானும் திரும்பிப் பார்க்கிறேன்.

பிரெத்தானிக் கரையில் எங்கள் துறைமுகம்
பாதி நேரம் துறைமுகமே இல்லை.
ஓதம் வடிந்துவிட்டால்
சேறு, நண்டு, யாரோ தவறவிட்ட ஒற்றை பூட்ஸ்.
படகு தன் இரண்டு மரக்கால்களை ஊன்றி நிற்கும்,
பேருந்து வராத நிறுத்தத்தில்
கைப்பையோடு நிற்பவள் மாதிரி.
பிறகு அடியில் யாரோ மெல்லத் தட்டுவார்கள்.
தண்ணீர்தான்.
வரலாமா என்று கேட்பதில்லை,
வீட்டையே தூக்கிக்கொள்ளும்.

வங்கியில் முகவரி கேட்டார்கள்.
மீன் கிடங்குக்கு எதிரே மூன்றாவது ஏணி,
அங்கிருந்து பார்த்தால் நீலப் படகு, என்று எழுதினேன்.
'எந்தத் தளம்' என்றொரு கட்டமும் இருந்தது.
நேரத்தைப் பொறுத்தது என்று போட்டேன்.
கடன் கிடைக்கவில்லை.

நவம்பரில் பேக்கரிக்கு மேல்மாடி காலியானது.
ஆணி அடிக்கச் சுவர் உண்டு.
குளியல் தொட்டி உண்டு.
யாரிடமும் சொல்லாமல் போய்
வெந்நீர்க் குழாயைத் திறந்து
கை சிவக்கும்வரை நீட்டிக்கொண்டு நின்றேன்.
அந்தக் கையின் சோப்பு வாசனையை
அன்று மாலையே அவன் கண்டுபிடித்தான்.
'போயேன்' என்றான்.
அந்தச் சொல்லுக்குள் இருந்த இடம்கூட
எங்கள் படகில் இல்லை.
ஒன்பதரை மீட்டரில்
கதவைச் சாத்திக்கொள்ள அறை ஏது?
அவன் முன்முனைப் படுக்கையில்.
நான் அடுப்புப் பக்கத்துப் பலகையில்.
எதிரெதிரே வந்தால்
உடம்போடு உடம்பு உரசாமல் கடக்க முடியாத நடைவழி.
முறைத்துக்கொண்டே உரசினோம்,
மூன்று நாள்.

மூன்றாம் இரவு
வலப்பக்க மரக்கால் முறிந்தது.
பெரிய சத்தமில்லை, வால்நட் உடைகிற சத்தம்.
அப்புறம் வீடு
அவசரமே இல்லாமல் சாய்ந்தது.
தீப்பெட்டி, கெண்டி, அவன் மூக்குக்கண்ணாடி,
ஒரு கிலோ பச்சைப் பருப்பு,
ஒவ்வொரு மணியும் யோசித்து யோசித்து உருண்டு.
சுவர்மேல் தவழ்ந்து வந்தான் துக்துவால்.
டார்ச் அடித்துப் பார்த்தான்.
அடிப்பலகைக்கு ஒன்றுமில்லை, சேறு தாங்கிக்கொண்டது.
'நாலேகாலுக்குத்தான் தண்ணி'
என்றான், டார்ச்சிடம் சொல்வதுபோல.

அதுவரை செய்வதற்கு ஒன்றுமில்லை.
எங்கே உட்கார்ந்தாலும்
சரிந்து ஒரே மூலைக்கு வந்து சேர்ந்தோம்.
அவன் முழங்கை என் விலாவில்,
என் காலுறைக்குள் பருப்பு.
வெகுநேரம் கழித்து:
'தொட்டி நீளமா?'
'நீ காலை மடக்கணும்.'
'ஜன்னல்?'
'ரெண்டு. ஒண்ணுல நம்ம பாய்மரம் தெரியும்.'
அதைச் சொல்வதாக இல்லை நான்.
அந்தக் காலி அறையில்
முதலில் நான் தேடியது அதைத்தான் என்பதும்
சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது.
அவன் எதுவும் பேசவில்லை.
போர்வையை என் பக்கம் கொஞ்சம் தள்ளினான்.
அது தானாகவே இந்தப் பக்கம்
சரிந்துகொண்டிருந்ததுதான்,
ஆனாலும் தள்ளினான்.

நாலேகாலுக்குத் தட்டினார்கள்.

தச்சன் புதுக் கால் செய்து கொடுத்தான்,
பழையதைவிட ஒரு விரல்கடை உயரம்.
அதனால் இப்போது வடியும்போதெல்லாம்
இடப்பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கிறோம்,
சூப்புக் கிண்ணத்துக்குக் கீழே தீப்பெட்டி வைத்துக்கொண்டு.
பேக்கரிக்காரிக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை.
வெள்ளிக்கிழமைவரை பொறுப்பதாகச் சொல்லியிருக்கிறாள்.
பருப்பு இன்னும் கிடைத்துக்கொண்டே இருக்கிறது,
வரைபடச் சுருளுக்குள், ரொட்டிப் பெட்டியில்.
நேற்று அடித்தளப் பலகையைத் தூக்கினால்
ஈரத்தில் ஒன்று,
வெள்ளையாய் வால் விட்டு.
துக்துவாலைக் கூப்பிட்டேன்.
இருவரும் குனிந்து பார்த்தோம்.
பலகையைத் திரும்ப மூடலாமா வேண்டாமா என்று
இன்னும் முடிவாகவில்லை.