அக்கட்டால

வெள்ளிக்கிழமை ராத்திரி எங்க பிரிண்டிங் பட்டறைக்கு
அவிநாசி டீமோட ஆர்டர் வந்தது.
மஞ்சள் துணி, கறுப்பு எழுத்து, பதினாலு உருப்படி.
ஒன்பதாவதை விரித்துப் போட்டபோதுதான்
லிஸ்ட்டில் அவன் பேரைப் பார்த்தேன்.
அங்குராஜ். நம்பர் பதினொண்ணு.

நாலு வருஷம் அதே பேரை
நீலத்தில் அடித்த கை இது.
மையை வேகவிடாமல் எடுத்திருக்கலாம்.
முதல் வேர்வையிலேயே அங்கு தனியா, ராஜ் தனியா
உரிந்து தொங்கியிருக்கும்.
ஓனருக்குத் தெரிந்தாலும் சிரித்திருப்பார், அவரும் எங்க கட்சி.
நூற்றறுபது டிகிரி வைத்தேன்.
ஐம்பது சலவைக்குப் போகாது அந்தப் பேர்.
ஏண்டா அப்படிச் செஞ்சே என்று
இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான் வெங்கிடுபதி.

ஞாயிற்றுக்கிழமை
வேனிலிருந்து இறங்கி
ஒறம்பரையாட்டம் கேட்டுக்கு வெளியே நிற்கிறான்.
கோல்போஸ்ட்டுக்கு வெள்ளையடிக்க
அவன் ஏறின ஏணி அதே சுவரில் சாய்ந்திருக்கிறது.
எங்கே குழி, எந்த மூலையில் சாயத்தண்ணி ஊறும்,
அவன் காலுக்கு எல்லாம் தெரியும்.

முதலை விழுங்கின பையனை
வருஷம் கழித்து, வளர்ந்த ஆளாகக்
கரையில் விட்ட ஊர் அவிநாசி.
எங்க பையனையும் விட்டது.
இவன் முதலை பக்கமே திரும்பி நிற்கிறான்.

"அம்பதாயிரத்துக்கு அக்கட்டால போனவனே"
என்று தட்டி எழுதிக் கட்டியிருந்தோம்.
எங்களிடம் அவன் கேட்டது முப்பது,
அதுவும் தங்கச்சி காலேஜ் பீசுக்கு.
தட்டியில் அதுக்கு இடம் பத்தவில்லை.

பத்தாவது நிமிஷம் கார்னர், எங்க பக்கத்து மூலையில்.
அந்த ஓரத்திலிருந்து ஓடி வந்து
பந்தை வைத்துவிட்டு, திரும்பாமலே,
கையை மட்டும் பின்னால் நீட்டினான்.
எப்பவும் நீட்டுவான்.
சாதிக் பாட்டிலைக் கொடுத்துவிட்டான்.
குடித்தான். திருப்பித் தந்தான்.
அப்புறம்தான் ஞாபகம் வந்து
வாரம் பூரா சேர்த்துவைத்த வசவை அவிழ்த்தோம்.
சாதிக் சத்தம்தான் பெருசு.

இடைவேளைக்கப்புறம் பக்கம் மாறியது.
இப்போ அவன் இக்கட்டால, எங்க மூக்குக்கு முன்னால்.
ஒண்ணுக்கு ஒண்ணு. நேரம் கொஞ்சம்தான்.
பந்து அவன் காலுக்கு வருகிறது.
இடது தோள் வெளியே சாய்கிறது.
அந்தச் சாய்வு பொய்யென்று
இந்த ஊரில் கைக்குழந்தைக்கும் தெரியும்.
"உள்ள வருவான்! உள்ள வருவான்!"
நூறு பேர், ஒரே தொண்டை.
நாலு வருஷம் வெயிலில் நின்று அவனைப் பார்த்ததுக்கு
எங்களிடம் மிச்சம் இருந்தது அந்த ரெண்டு வார்த்தை.

எங்க பேக், ஜிதேன். ஒடிசாக்காரன், பனியன் மடிக்கிறவன்,
வந்து மூணு மாசம்.
தமிழில் அவனுக்குச் சம்பளம் தெரியும், சோறு தெரியும்.
"அந்தர்! அந்தர்!" என்று வெங்கிடுபதி அலறுவதற்குள்
உள்ளே வந்துவிட்டான்.
வலது கால். தூரத்துக் கம்பம்.
எங்க மெஷினில் எங்க நூலில் நாங்க தைத்த வலை
வயிறு தள்ளி அடங்கியது.

யாரோ கைதட்டினார்கள்.
ரெண்டு தட்டு, மூணாவது பாதியில் நின்றது.
எங்க பக்கத்திலிருந்துதான்.
அட கெரகமே, எவண்டா அது என்று
எல்லாரும் எல்லாரையும் பார்த்தோம்.
நான் கையை லுங்கியில் துடைத்துக்கொண்டேன்.

துள்ளாமல், கும்பிடாமல், நடுக்கோட்டுக்குத் திரும்பி ஓடினான்.
தொப்பலாக நனைந்த முதுகு.
ஒரு எழுத்துகூட உரியவில்லை.

ஆட்டம் முடிந்து தட்டியை அவிழ்க்கும்போது
ஜிதேன் வந்து கயிற்றைப் பிடித்தான்.
"அண்ணா, அந்தர்னு சொன்னே.
உனக்கு எப்பிடித் தெரியும்?"
வெங்கிடுபதி முடிச்சைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தான்.
மிச்சத் தண்ணியோடு அந்தப் பாட்டிலை
வண்டியில் மாட்டிக்கொண்டு
சாதிக் எப்பவோ கிளம்பியிருந்தான்.